கேபிளுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

கொழும்பு வெள்ளவத்தையைச் சலித்தெடுத்தாலும் மின்சாரக் கேபிளுக்குக் காய்ச்சல் பார்க்கிற இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸேறி வரும் எங்கள் எலெக்ட்ரீஷியன் ஆம்பியர் அண்ணை, புறங்கையைக் கேபிளில் வைத்து, கண்ணை மூடி, "ம்ம்… சுகமா இருக்குது" என்பார். பிறகுதான் எங்களைப் பார்த்து, "எப்படி, சுகமே?"

மனிதரையும் கேபிள் கணக்கில்தான் எடைபோடுவார். நான் மேனேஜராக இருந்த கல்யாண மண்டபத்தின் முதலாளி ஒருநாள் அவரிடம் கத்தினார். "முதலாளி, உங்கட உடம்பு மெல்லிசான பெல் வயர். அதில ஜெனரேட்டர் கோபத்தை ஓடவிடாதேங்கோ" என்றார் அண்ணை. நான் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கத்தலுக்குக் காரணம் கேபிள்தான். இருநூறு கேவிஏ த்ரீ ஃபேஸ் ஜெனரேட்டர் ஒன்றைப் புதிதாக இறக்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் மகளுக்கே அங்கே கல்யாணம், ஐந்நூறு பேர். ஏற்கெனவே கிடந்த எழுபது சதுர மில்லிமீற்றர் கேபிளே போதும் என்றார் முதலாளி. நூற்றைம்பதுதான் வேணும் என்றார் அண்ணை.

"முந்தியும் இதுதானே ஓடினது?"

"முந்தி நிண்டது இதில பாதி ஜெனரேட்டர். இது ஃபுல் லோட்டில ஃபேஸுக்கு இருநூற்றித் தொண்ணூறு ஆம்ப் இழுக்கும். அதுவும் அடுப்பெரியிற குசினிச் சுவரோட, மூடின பைப்புக்குள்ளால போகுது. கேபிளுக்கு மூச்சு முட்டும்."

"உமக்கு எல்லாத்துக்கும் பயம் ஐசே!"

புதன்கிழமை காலை அண்ணை ஒரு மெழுகுதிரியோடு வந்தார். பைப்பிலிருந்து கேபிள் வெளியே வருகிற இடத்தில் மெழுகுதிரியைக் கேபிள்மேல் படுக்கவைத்து, ஒரு முனையை மட்டும் நூலால் கட்டினார். மறுமுனை வெறுங்காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. ஏசி, லிஃப்ட், குசினி, மண்டபத்து விளக்கு, எல்லாம் ஜெனரேட்டரில் ஓடவேணும் என்றார்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. நீட்டிக்கொண்டிருந்த மெழுகுதிரி மெல்லத் தலை குனிந்தது. பிறகு வாழைப்பழத் தோல் மாதிரித் தொங்கியது.

முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது.

"இது… வெளியில," என்றார் கடைசியில். "உள்ளுக்கு?"

"உள்ளுக்கு இதைவிடச் சூடு." அண்ணை ஓடிப்போய் ஸ்விட்சை நிறுத்தினார். "மேல உங்கட மகள் மணவறையில இருப்பா."

முதலாளி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடியவே புறக்கோட்டைக் கடையிலிருந்து நூற்றைம்பது கேபிள் வந்து இறங்கியது. பின்னேரத்துக்குள் அண்ணை இழுத்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தாலி ஏறின கையோடு கரண்ட் போனது. நாலு மூச்சுக்குள் வெளிச்சம் திரும்பியது. நாதஸ்வரக்காரர் நிறுத்தக்கூட இல்லை. பந்தியில் அண்ணையைக் காணாமல் கீழே ஜெனரேட்டர் அறைக்கு ஓடினேன். போனவன் வாசலிலேயே திகைத்து நின்றேன்.

பட்டு வேட்டியோடு குந்தியிருந்தார் முதலாளி. அவருடைய புறங்கை கேபிளில். பக்கத்தில் சோற்றுத் தட்டோடு அண்ணை.

"எப்படி, முதலாளி?"

"காய்ச்சல் இல்லை அண்ணை."

மூன்று நாள் நித்திரையில்லாத அந்த முகத்தை அண்ணை ஒரு கணம் பார்த்தார். இடது புறங்கையை முதலாளியின் நெற்றியில் வைத்தார். "உங்களுக்குத்தான் லேசா இருக்குது. மேல போய்ச் சாப்பிடுங்கோ. இதை நான் பாத்துக்கொள்ளுறன்."

இப்போதும் எனக்கு உடம்பு கணகணத்தால், பனடோல் மாத்திரைக்கு முன்னால் அந்தப் புறங்கைதான் ஞாபகத்துக்கு வருகிறது.