அவன் திரும்பிப் பார்த்தது என் குற்றம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் செயலியில் ஓசியில் கதை கேட்கும் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். என் காதுகளும் நலம், வினையெல்லாம் அவற்றால்தான். நீ போனை எடுக்காததால் காகிதத்தை எடுத்தேன்.

விடுதிச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் படுக்கை விரிப்பு மடிக்கிறவனுக்கு அந்தக் கிரேக்கக் கதைகள் எவ்வளவு பெரிய துணை என்று உனக்குத் தெரியும். இயந்திரம் நாள் முழுக்க அலறலாம், நாங்கள் பேசினால் மட்டும் மேற்பார்வையாளருக்குக் காது வலிக்கும், அதனால் ஒரு காதில் கதையைச் செருகிக்கொண்டேன், சீக்கிரம் முடிக்க வேகத்தைக் கூட்டினேன், இருவருக்கும் ஒரே கணக்கு என்பதால் அது உன் போனிலும் கூடி, கதை சொல்கிற அம்மா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரிப் பேசுகிறாள் என்று திட்டினாய், குறைத்தேன், அப்புறம் கதை நான் நிறுத்திய இடத்திலிருந்து உன் சமையலறையில் ஓட ஆரம்பித்து, ஒரு தேவன் காளை வேஷம் போட்டு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதை உன் மாமியார் முழுசாகக் கேட்டுவிட்டு, "இதத்தான் தினமும் கேக்குறியா?" என்றார், அதற்கும் நான்தான் பொறுப்பு, ஆனால் போன வாரம் நடந்ததுதான் அக்கா, நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

செத்துப்போன மனைவியைப் பாதாளத்திலிருந்து அழைத்துவரப் போனவன் கதை. மேலே வந்து சேரும்வரை அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர்கள் ஏறத் தொடங்கிய இடத்தில் நீ நிறுத்தியிருந்தாய். நான் அங்கிருந்து மேற்கொண்டு கேட்டுவிட்டேன். மறுநாள் நீ பாத்திரம் கழுவ வந்து அழுத்தினால், அவன் திரும்பிப் பார்த்தாகிவிட்டது, அவள் போயாகிவிட்டது.

"அக்கா, ரெண்டாயிரம் வருஷத்துக் கதை! முடிவு யாருக்குத் தெரியாது?" என்று போனில் சிரித்தேன்.

"எனக்குத் தெரியாதுடா. ஒன்பதாவதோட என்னை நிறுத்திட்டு உன்னைத்தானே படிக்க வச்சாங்க? மூணு நாளா அவ எப்படியும் மேல வந்துடுவான்னு நெனச்சுக்கிட்டே பாத்திரம் கழுவினேன்" என்றாய். வைத்துவிட்டாய்.

அந்த வீட்டில் நாலு பெரிய மனிதர்கள். ஒருவரும் தின்ற தட்டைக் கழுவமாட்டார்கள். உனக்கென்று இருந்தது பாத்திரம் கழுவும் அந்த இருபது நிமிடம். உன் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று அதையும் நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் படிப்பை வைத்து நான் விரிப்பு மடிக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இனி உன் கணக்கைத் தொடமாட்டேன். சத்தியம். பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் மாமியாருக்கு, காளை விஷயத்துக்கு மன்னிப்புடன், வணக்கம்.

உன் தம்பி

பின்குறிப்பு: அவர்கள் ஏறத் தொடங்கிய இடத்துக்கே கதையைத் திருப்பி வைத்தேன். சரியான இடம்தானா என்று பார்க்கக் கொஞ்சம் கேட்டேன். நிறுத்த மனம் வரவில்லை. மன்னித்துவிடு அக்கா, அவன் மறுபடியும் திரும்பிப் பார்த்துவிட்டான்.