மூளைக்கு ஒரு குறிப்பாணை

மனித மூளைக்குக் குறிப்பாணை அனுப்பி எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்ட முதல் பதிவு அலுவலகம், உலகிலேயே எங்களுடையதுதான். மூளையில் மின்சாரம் ஓடுகிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அதற்குத் தபால் பிரிவில் எண் போட்டவர்கள் நாங்கள். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். திருவண்ணாமலையில் இருக்கிறது. மாடிக்குப் போனால் மலை தெரியும். கீழே உட்கார்ந்தால் எதுவும் தெரியாது. அவ்வளவு அடையாளம் போதும்.

நான் அங்கே எழுத்தர். இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவி கவியா இறந்தாள். பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். அன்றிலிருந்து யார் எந்தத் தாளை நீட்டினாலும் கை தானாகக் கையெழுத்துப் போடும். "இப்பதான்பா நீ முழு கிளார்க் ஆயிருக்கே" என்று பதிவாளர் அருணாதேவி மேடம் அன்றே பாராட்டினார்.

சென்ற மாதம் காசியும் பொன்னியும் கல்யாணத்தைப் பதிவு செய்ய வந்தார்கள். பொன்னி, செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடையில் வெள்ளைக்காரர்களுக்குக் கேக் செய்கிறவள். காசி அடி அண்ணாமலைக்காரர். அவர்களுக்கு நிச்சயம் ஆன மறுமாதமே காசிக்கு மூளைத்தண்டில் ரத்தம் அடைத்துக்கொண்டது. கை, கால், பேச்சு எல்லாம் நின்றன. நினைவும் பொன்னியும் மட்டும் நிற்காமல் கூடவே வந்தார்கள். அது நடந்து மூன்று வருடம்.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் குழு காசியின் மண்டையைத் திறந்து, மூளையின் மேற்பரப்பில் தபால்தலை அளவுக்கு ஒரு மின்முனைத் தகடு வைத்தது. காசி கையை அசைக்க நினைப்பார். கை அசையாது. நினைப்பில் எழும் மின் அலையைத் தகடு பிடித்துக்கொள்ளும். மடியிலிருக்கும் டேப்லெட்டில் ஓர் எழுத்து விழும். ஓர் எழுத்துக்கு ஐந்து நொடி. எங்கள் அலுவலக வேகத்தைவிட ஜாஸ்தி.

"மாப்பிள்ளை சம்மதத்தை வாயால சொல்லணும். இல்லன்னா கையால எழுதணும்" என்றார் மேடம்.

டேப்லெட்டில் "சம்மதம்" என்று விழுந்தது.

"இது மெஷின் சொல்லுதும்மா."

"மெஷின் எழுதுது மேடம். சொல்றது அவரு மூளை" என்றாள் பொன்னி.

மேடம் பேனாவை மூடினார். "மூளை மனுதாரரா, மனுதாரரோட பிரதிநிதியா? பிரதிநிதின்னா அதிகாரப் பத்திரம் வேணும்."

எந்த நரம்பியல் நிபுணருக்கும் தோன்றாத கேள்வி. நான் புல்லரித்துக் குறித்துக்கொண்டேன்.

"சரி, அந்த மின் அலையோட அசலும் ஜெராக்ஸும் குடுங்க."

"அசல் தலைக்குள்ள இருக்கு மேடம். கழட்டித் தரட்டுங்களா?"

டேப்லெட் அவசரமாக எழுதியது: "தையல் இப்பதான் ஆறிச்சு."

அன்று மாலையே குறிப்பாணை கிளம்பியது. "பொருள்: மனுதாரரின் மூளை – செயல்படும் அதிகாரம் – விளக்கம் கோருதல்." ஏழு நாள் அவகாசம். பதிலில் மனுதாரர் கையொப்பம் கட்டாயம்.

ஏழாம் நாள் இருவரும் வந்தார்கள். ஆட்சேப மனுவோடு காசியின் அண்ணன் மாறனும் வந்தார்.

"மூணு வருஷமா என் தம்பிக்கு நினைவே இல்லீங்க மேடம். இந்தப் பொண்ணு பொட்டியைத் தட்டிட்டு, அவன் பேசறான்னு கதை வுடுது."

"நேத்து என் புடவை கலர் கண்ணைக் குத்துதுன்னு எழுதினாரு" என்றாள் பொன்னி. "அதையும் நானேவா தட்டிக்கினேன் மாமா?"

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் போளூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

"தம்பி, அவரு கட்டைவிரலை எடுத்து ரேகை வெச்சுடு. பைலை முடிப்போம்."

மைப்பெட்டியைத் திறந்து காசியின் இடது கட்டைவிரலைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. மூன்று வருடமாக அவர் சொல் கேட்காத விரல். எங்கள் விதிப்படி அவருடைய சம்மதம் குடியிருக்கும் ஒரே இடம்.

"விரல் வேணாம்" என்றது டேப்லெட்.

"ஏங்க, ஒரு நிமிஷ வேலை."

"அது அண்ணன் பேச்சைத்தான் கேக்கும்."

மாறன் துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுத்துகள் நிதானமாக விழுந்துகொண்டே இருந்தன: "நினைவு இல்லன்னா அண்ணனுக்கு நிலம் எப்படி எழுதிக் குடுத்தேன்?"

பழைய பத்திரம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், எங்கள் அலுவலகம் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தது. தன் பங்கு நிலம் முழுவதையும் காசி, "முழு சுயநினைவுடன், எவர் வற்புறுத்தலும் இன்றி" அண்ணனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். கீழே கட்டைவிரல் ரேகை.

"மாறன், அன்னைக்கு நினைவு இருந்துச்சா, இல்லையா?"

"அன்னைக்கு மட்டும்... கொஞ்சம் இருந்துச்சுங்க."

மேடம் ஆழ்ந்து சிந்தித்தார். காசிக்கு நினைவில்லை என்றால் பத்திரம் தவறு. பத்திரம் தவறு என்றால் அலுவலகம் தவறு. அலுவலகம் தவறு செய்ய விதியில் இடமில்லை. ஆகவே காசிக்கு எப்போதும் நினைவு இருந்திருக்கிறது என்று தீர்மானமானது. கையொப்பக் கட்டத்தில் "மூளை வழி" என்று எழுதி முத்திரை குத்தினார். நாலு நிமிடம். பொன்னி எல்லோருக்கும் கேக் நீட்டினாள்.

"அண்ணனுக்குப் பெரிய துண்டாக் குடு. பழக்கமாயிடுச்சு" என்று எழுதினார் காசி. மேடமே சிரித்துவிட்டார்.

பொன்னி சக்கர நாற்காலியை வாசல் பக்கம் திருப்பியபோது டேப்லெட் மறுபடி எழுத ஆரம்பித்தது. இந்த முறை எனக்கு.

"அன்னைக்கும் நினைவு இருந்துச்சு சார். வேணாம் வேணாம்னு உள்ளயே கத்தினேன். விரலைப் புடிச்சவருக்குக் கேக்கல."

விரலைப் பிடித்தவர் பெயரை எழுதப் பத்திரத்தில் கட்டம் கிடையாது. ஆனால் ஓரத்தில் எழுத்தரின் கையெழுத்து உண்டு. தேதியைப் பார்த்தேன். நான் வேலைக்குத் திரும்பிய பதினேழாம் நாள். மேடம் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. உள்ளே போனவன் நான். ரேகை மிகத் தெளிவாக விழுந்திருந்தது. அதற்குத்தான் அந்தப் பாராட்டு.

அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி, காசி மூளை வழியாகவே மனுக் கொடுத்திருக்கிறார். அதன் பேரில் எங்கள் அலுவலகம் இரண்டாவது குறிப்பாணையை அனுப்பியது. "பொருள்: எழுத்தரின் மூளை – சம்பவத்தன்று பணியில் இருந்ததா – விளக்கம் கோருதல்."

ஏழு நாள் அவகாசம். இன்று ஆறாம் நாள். விளக்கத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. கீழே கையெழுத்து மட்டும் போட்டாயிற்று.