காத்திருப்புக் கூடத்தில் பாலே

காத்திருக்கும் பொதுமக்களின் மனச்சோர்வைப் போக்கும் பொருட்டு, பதிவு அலுவலகக் கூடத்தில் நவீன ஓவியங்கள் மாட்டுவதென்று முடிவாகியது. வரிசையைக் குறைப்பது பற்றி யாரும் யோசிக்கவில்லை. அது வேறு பிரிவின் வேலை.

என் அக்கா பாலே நடனத்தை வைத்து அச்சுப்படங்கள் செய்கிறாள். படத்தில் ஆள் இருக்காது. ஒரு கறுப்பு வளைவு, பின்னால் தூக்கிய சிவப்புக் கோடு, ஒரு புள்ளி. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து அவள் படங்களைச் சுமப்பது என் வேலை. இருவரும் போனோம்.

அதிகாரி படத்தை நேராகப் பார்த்தார். தலைகீழாகவும் பார்த்தார்.

“ஆடுற பொண்ணு எங்கேம்மா?”

“குதிச்சதும் உடம்பு மறைஞ்சுடும் சார். அசைவுதான் மிஞ்சும்.”

“உடம்பே இல்லாம அசைவா? விதியில இடமில்லை. இப்படி ஒரு மனுஷன் நிக்க முடியும்னு நிரூபிக்கணும். இல்லேன்னா பொய்த் தகவல் ஆயிடும்.”

தலைமை எழுத்தர் வரவழைக்கப்பட்டார்.

“படத்துல இருக்கற மாதிரி நில்லுய்யா.”

“சார், முட்டி வலி...”

“அரசாங்க வேலைக்கு முட்டியா முக்கியம்?”

அவர் பீரோவைப் பிடித்துக்கொண்டு வளைந்தார். ஒரு காலைப் பின்னால் தூக்கினார்.

“புள்ளி எங்கேய்யா?”

“வாயைத் திறக்கறேன் சார்.” திறந்தார்.

“அப்படியே அச்சு அசல்!” முத்திரை விழுந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை.

மாட்டிய படங்களைப் பார்க்க அடுத்த வாரம் போனோம். வரிசை முழுக்க ஒற்றைக் காலில் வளைந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“என்னங்க இது?” என்று கடைசியில் நின்றவரைக் கேட்டேன்.

“சுவத்துல போட்டிருக்கேம்மா. புது விதி.”

“யார் சொன்னது?”

“சொல்லுவாங்களா? நாமதான் புரிஞ்சுக்கணும்.” சொல்லிவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டார்.

அதிகாரி ஓடி வந்தார். “இப்பதான்மா கூட்டம் ஒழுங்கா நிக்குது! எல்லாக் கிளைக்கும் உங்க படம்தான்!”

அக்கா என் காதில் முணுமுணுத்தாள். “ஒருத்தர்கூட இதைப் படமா பாக்கலடி.”

“அப்போ டைல்ஸ் கடைக்குப் போறியா?”

அக்கா ஆர்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவர் சொன்னதென்று ஆடும் ஜனங்கள்! வந்ததுதான் வந்தோம், முகவரியை மாற்றிவிட்டுப் போகலாமென்று வரிசையில் நின்றேன், இரண்டு காலில், கம்பீரமாக. கவுண்டர்க்காரர் கண்ணாடிக்கு மேலாக என்னை மட்டும் உற்றுப் பார்த்தார்.

எதற்கு வம்பு? இடது காலா, வலது காலா என்று முன்னால் நின்றவரிடம் கேட்டுக்கொண்டு தூக்கினேன்.