மானாம்பதி வரைக்கும்தான்

எங்கள் உத்திரமேரூரில் மனுஷர்களிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள் ஒருத்தர் இருந்தார். வாழ்நாளில் சொன்ன பொய்யை எல்லாம் அவர் தன் காரிடம் மட்டும்தான் சொன்னார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் அவர் மானாம்பதி நைனா. பக்கத்து ஊரான மானாம்பதியில் அவருக்கு வீடு கிடையாது, நிலம் கிடையாது, பெண் கொடுத்ததும் எடுத்ததும் கிடையாது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அந்தப் பிளஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரை அப்போது நாங்கள் பிளஷர் என்றுதான் சொல்லுவோம்.

நான் கல்யாணமாகி வந்தபோதே அது கிழம். வாடகைக்கு ஓடி ஓடித் தேய்ந்த வண்டி. நிறம் கறுப்பு என்பார் நைனா. எங்கள் கண்ணுக்கு அது வெயிலில் நின்று வெளுத்துப்போன எருமை நிறம். நான்கு கதவில் ஒன்றுதான் திறக்கும், அதுவும் உள்ளே இருப்பவர் காலால் உதைத்தால். ஹாரன் கிடையாது. நைனா கையை வெளியே விட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு, "ஓரம் போ, ஓரம் போ!" என்று அவரே கத்துவார். பின்சீட்டுக் காலடியில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கீழே சாலை ஓடுவது தெரியும். என் மாமியார் வெற்றிலை எச்சிலை அதில்தான் துப்புவார். அந்த வசதி இன்றைக்கு எந்த வண்டியில் இருக்கிறது?

ரேடியேட்டர் ஒழுகினால் நைனா அதற்குள் மஞ்சள்தூளைக் கொட்டுவார். பெட்ரோல் டாங்கி கசிந்தால் குளிக்கிற சோப்பை எடுத்து அப்புவார். அவர் பெண்சாதி குழம்புக்கு மஞ்சள் தேடித் தேடி அலுத்துப்போய், "எங்க வூட்ல மஞ்சளும் சோப்பும் போட்டுக் குளிக்கிற மவராசி அதுதாம்மே. நான் சும்மா, வாடகைக்கு கீறேன்" என்று சொல்லும்.

ஆனால் அந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. பளபளவென்று வந்த வண்டிகளெல்லாம் புளியமரத்தடியில் மூடியைத் திறந்துகொண்டு நிற்கும். இது அவற்றைத் தாண்டிக் கடகடவென்று போய்ச் சேர்ந்துவிடும். எப்படி நைனா என்று கேட்டால், நம்மை வண்டிக்குக் காது கேட்காத தூரத்துக்கு அழைத்துப் போவார்.

"அதுக்கு வயசாய்டுச்சிம்மா. தூரம்னா பயப்படும். அதனால எந்த ஊருக்குப் போனாலும் மானாம்பதி வரைக்கும்தான்னு சொல்லிடுவேன். பக்கம்தானேன்னு கெளம்பிடும். கெளம்பிட்டா அப்புறம் அதுக்கு மானம் கீது, நடுவுல நிக்காது."

இதுதான் அவர் தொழில் முறை. வண்டியைக் கூப்பிட வருகிறவர்கள் போகிற ஊரை வண்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லக் கூடாது. வேப்பமரத்தடிக்கு வந்து அவர் காதில் சொல்ல வேண்டும். ஒரு முறை பட்டணத்திலிருந்து வந்த ஓர் ஆபீசர் விஷயம் தெரியாமல் உள்ளே ஏறி உட்கார்ந்து, "வாலாஜாபாத் போப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். நைனா பதறிப்போய்த் தோளில் இருந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் போர்த்தினார்.

"கெடுத்துட்டியே சாமி! காதுல உழுந்துடுச்சே!"

அப்புறம் முக்கால் மணி நேரம் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். வண்டி இருமியது, கிளம்பவில்லை. கடைசியில் ஆபீசரைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றி, வண்டிக்குக் கேட்கிற மாதிரி, "வாலாஜாபாத் வேணாம்பா. மானாம்பதி வரைக்கும் போதும்" என்று சொல்லவைத்தார். ஒரே சுற்று, வண்டி கிளம்பிவிட்டது. ஆபீசர் வாலாஜாபாத் போய் இறங்குகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லையாம்.

மனுஷர்களிடம் மட்டும் அவருக்குப் பொய் வராது. வண்டியை விலைக்குக் கேட்டு வந்த ஒருத்தர், "பிரேக் கீதா?" என்று கேட்டார். "கீது. ஆனா யோசிச்சிட்டுத்தான் புடிக்கும்" என்றார் நைனா. வந்தவரும் யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வண்டியில் ஒரு மீட்டர் இருந்தது, எத்தனை மைல் ஓடியது என்று காட்டுகிற மீட்டர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துச் சிரித்து. ஆனால் முட்டை எனக்குத் தெரியும். அந்த மீட்டரில் ஐந்து இடம். ஓடி ஓடி எல்லா எண்ணும் தீர்ந்துபோனால் ஐந்து இடத்திலும் முட்டை வரிசையாக வந்து நிற்கும். கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். நமக்கு அது மீட்டர் தீர்ந்துபோனது. நைனாவுக்கு வண்டியே மறுபடி பிறந்தது. புது வண்டியை முதல் ஐந்நூறு மைல் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று எந்தக் காலத்திலோ கம்பெனிக்காரன் சொன்னதை அவர் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் தடவை முட்டை வந்தபோது அப்படி ஓட்டியதில், அந்த வருஷம் கல்யாணத்துக்கென்று அவர் வண்டியில் ஏறினவர்கள் சீமந்தத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள்.

இரண்டாவது தடவை முட்டை வந்தபோது வண்டிக்குள் படுத்திருந்தது நான்.

எனக்கு அது முதல் பிரசவம். வீட்டுக்காரர் வேலையாக வெளியூர் போயிருந்தார். காலையில் வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை குறுக்கே கிடக்கிறது, நம்மால் ஆகாது, உடனே காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், தாமதமானால் இரண்டு பேரும் தங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள். மாமியார் ஓடிப்போய் வேப்பமரத்தடியில் நைனா காதில் சொன்னார். நைனா வண்டிப் பக்கம் வந்து, "மானாம்பதி வரைக்கும்தான்டியம்மா" என்று அதனிடம் சொல்லி ஹேண்டில் போட்டார்.

நன்றாகத்தான் போனது. பாதி வழி தாண்டியிருப்போம். வண்டி ஓரம் கட்டி நின்றது.

"இன்னாயா, நின்னுடுச்சா?" என்றார் மாமியார்.

"நிக்கல யக்கா. நிறுத்தினேன். வந்து பாருங்க, முட்டை!"

வலியிலும் நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து முட்டை, கோழி அப்போதுதான் இட்டுவிட்டுப் போன மாதிரி. நைனா சீட்டுக்கடியிலிருந்து தேங்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்தார். மாசக்கணக்கில் தயாராக வைத்திருந்திருக்கிறார் மனுஷர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, ஒரு மூடியை என் மாமியாரிடம் நீட்டினார்.

"யோவ், இங்க ஒருத்தி உசுருக்கு மல்லாடிக்கினு கீறா, நீ தேங்கா மூடி குடுக்கிற! எடுயா வண்டிய!"

எடுத்தார். எப்படி எடுத்தார் தெரியுமா? எதிரில் நடந்து வந்த கிழவி தாண்டிப் போவதற்கே அரை நாழிகை ஆகும் போல இருந்தது. பின்னால் வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி வந்து எங்களை முந்தியது. வண்டிக்காரர் பாவம் பார்த்து, "இன்னா நைனா, கயிறு கட்டி இஸ்துக்கினு போவட்டா?" என்று கேட்டார்.

"வேணாம்பா. புது வண்டி" என்றார் நைனா.

நான் அலறினேன். "நைனா, இப்படிப் போனா நான் உசுரோட போய்ச் சேருவனா?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷர் கொஞ்சம் யோசித்தார். "சேர மாட்டம்மா" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "ஆனா இதுவும் கொயந்தம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

மாமியார் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"நைனா, நீ மானாம்பதின்னு சொன்னது அந்தப் பழைய வண்டிகிட்ட. இது இப்பத்தான் பொறந்திருக்கு. இதுக்கு எந்த ஊரும் தெரியாது. தூரம்னா பயம்னும் தெரியாது. இதுகிட்ட நீ இன்னும் ஒரு பொய்கூடச் சொல்லல. ஆரம்பத்துலயே எதுக்குப் பொய்யி? உள்ளத சொல்லிக் கேளு. அதுவா போனா போவட்டும்."

நைனா வண்டியை நிறுத்தினார். இறங்கி முன்னால் போனார். என்ஜின் மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, குனிந்து என்னமோ பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்து, துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"யக்கா, புடிச்சிக்க."

அம்மாடி! அதற்குப் பிறகு நடந்ததற்குப் பெயர் ஓட்டம் இல்லை. முந்திப்போன வைக்கோல் வண்டி பின்னால் பறந்தது. உதைத்தாலும் திறக்காத மூன்று கதவும் தானாகத் திறந்து திறந்து மூடின. மாமியார் வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் யோசிக்காமல் பிடித்தது, அந்த வண்டியின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக.

பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றாள் டாக்டரம்மா. நைனா வந்து குழந்தையைப் பார்த்தார். வண்டியிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உள்ளே ரெண்டு உசுரு கீது, காஞ்சிபுரம் ரொம்ப தூரம், உன்னால முடியலன்னாலும் நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொன்னேம்மா" என்றார்.

இருந்தாலும் சீக்கிரமே அவர் பழையபடி பொய்க்குத் திரும்பிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது, குழந்தை காதில் விழாமல் அதன் காதைப் பொத்திக்கொண்டு மானாம்பதி என்றார். என் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர் வேறு. அவர் கடைசிவரை அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. அவள் பிறந்தநாளுக்கு இரண்டு மாலை வாங்குவார், ஒன்று அவளுக்கு, ஒன்று வண்டிக்கு. வண்டிக்கு வாங்கினதுதான் பெரிசாக இருக்கும்.

புதுசு பள்ளிக்கூடம் முடிக்கிற சமயத்தில் வண்டி எழுந்திருக்கவே இல்லை. பழைய இரும்புக்காரர்கள் லாரி கொண்டுவந்து அதைக் கட்டினார்கள். நைனா என்ஜின் மூடியைத் தடவி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். லாரி தெருமுனையில் திரும்பி மறைகிற வரைக்கும் எங்கள் ஒருத்தரையும் அவர் பேச விடவில்லை.

அதற்கப்புறம் அவரும் ரொம்ப நாள் நடமாடவில்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர் மகன் டாக்சி வைத்தான். பின்சீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர், கதவைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றார். சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"என்ன எங்க இஸ்துக்கினு போறீங்க?"

நான்தான் பக்கத்தில் போனேன்.

"மானாம்பதி வரைக்கும்தான் நைனா."

என் முகத்தைப் பார்த்தார். பொக்கை வாயால் சிரித்தார்.

"அப்போ சரி. பக்கம்தானே" என்று ஏறி உட்கார்ந்தார். ஒரே சாவியில் வண்டி கிளம்பிவிட்டது.