உட்கார்ந்தே வந்த தியாகி

இந்த முறை ரோமாபுரிக்குப் போகும்போது ரயிலில் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டும், அதுவும் தன்னந்தனியாகத் தூங்கிவிட வேண்டும் என்று எமில் ஹாப்னர் முடிவெடுத்தார். முடிவு சின்னதுதான். அதற்கு அவர் போட்ட திட்டம் ஒரு பேரரசைக் கவிழ்க்கப் போதும்.

வியன்னா டிராம்களில் டிக்கெட் பரிசோதகராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எமில். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஊரில் எந்த முகமும் அவரிடம் தப்பியதில்லை. வீட்டில் இருக்கும் ஒரு முகத்தை மட்டும் அவர் சரியாகப் பார்த்ததே இல்லை.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரி ஹெர்மா. கல்யாணமான புதிதில் இருவரும் வெனிஸுக்கு இரவு ரயிலில் போனார்கள். உட்கார்ந்துகொண்டே போனார்கள். எமில் அவள் தோளில் சாய்ந்து விடியும்வரை குறட்டை விட்டார். ஹெர்மாவுக்கு அன்று போன தூக்கம் போனதுதான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. சாத்திக்கொள்ளக் கதவுள்ள தூங்கும் அறை, அதில் ஒரு வாஷ்பேசின், காலையில் கதவைத் தட்டிக் காபி கொடுக்க ஒரு ஆள்.

எமிலின் ஆசையும் அதே அறைதான். அதில் ஹெர்மா இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஏனென்றால் ஹெர்மா படுத்தால் விளக்கை அணைக்கமாட்டாள். துப்பறியும் நாவல் படிப்பாள். கொலைகாரன் யார் என்று தெரியும்வரை எமிலுக்கும் தூக்கம் கிடையாது.

ஓய்வு பெற்றவர்களுக்கான ரயில் பாஸ் இரண்டு வாங்கி வந்த அன்று எமிலின் நடையே மாறிவிட்டது. கையில் பாஸ் வந்ததும் தானே பாஸ் என்று அவருக்கு நினைப்பு.

"பாத்தியா ஹெர்மா? இனிமே ஐரோப்பா முழுக்க நம்ம முற்றம். எந்த வண்டியிலயும் ஏறலாம்."

"ஏறினா சரி. படுக்கிறது?"

"பாஸ் ஏறத்தான். படுக்கிறதுக்குத் தனியாப் பதிவு பண்ணணும்."

"அப்போ பண்ணு. ரெண்டு பேருக்கு ஒரு அறை. கதவு இருக்கிற அறை."

எமில் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்தே தயாராக வைத்திருந்த பெருமூச்சு.

"அங்கதான் சிக்கல். பாஸ்காரங்களுக்கு அந்த அறை கிடையாது. சட்டம். பாஸ் வெச்சிருக்கிற பொம்பளைங்களுக்குப் பொம்பளைங்க பெட்டி. ஆறு பேர் படுக்கலாம். பாதுகாப்பு."

"ஆம்பளைங்களுக்கு?"

"உட்கார்ந்துட்டு வர வேண்டியதுதான்."

"நீயா? ராத்திரி முழுக்கவா?"

"உனக்காக ஹெர்மா. வெனிஸ் போனப்போ நீ உட்கார்ந்தே. இப்போ என் முறை."

இதைச் சொல்லும்போது எமிலின் குரல் தழுதழுத்தது. தன் நடிப்பில் தானே உருகிப்போனார். ஹெர்மா அவரையே பார்த்தாள். துப்பறியும் நாவலில் ஒருவன் தானாக வந்து, "அந்த நேரத்துல நான் வீட்டுலதான் இருந்தேன்" என்று சொல்லும் பக்கத்தை அவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"நீ ரொம்ப நல்லவன் எமில்" என்றாள்.

"அதை விடு" என்றார் எமில். உண்மையாகவே கூச்சப்பட்டார்.

மறுநாள் அவர் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டார். வெளியே கேட்கக் கூடாது என்று குழாயையும் திறந்துவிட்டார். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் டிராம் மணியோசை கேட்டு எமிலின் காது பாதி செத்திருந்தது. தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஊரில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

"ரோமாபுரி வண்டியில ரெண்டு பதிவு!" என்று கிசுகிசுத்தார். "ஒண்ணு பொம்பளைங்க பெட்டியில மேல் படுக்கை! இன்னொண்ணு தனி அறை! ஒரே ஆளுக்கு! ஆமா, கதவு வெச்சது! என்னது? பேரா? ஹாப்னர்! ரெண்டுமே ஹாப்னர்!"

போனில் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது அந்த ஊர்ப் பழக்கம். சொந்தப் பெயரைச் சொல்வது சின்னப் பிள்ளைகள் வேலை. எமில் பழக்கத்தை மீறாதவர்.

மாடி வீட்டில் திருமதி வொந்த்ராக் இருமினாள். எமிலுக்கு அதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது ஹெர்மா கூடத்தில் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்ன பண்ணினே எமில்?"

"பாடினேன்."

"நல்ல பாட்டு."

அவ்வளவுதான். எமில் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரம் ஹெர்மா செய்த வேலை ஒன்றே ஒன்று. எமிலின் தியாகத்தைத் தெருவெல்லாம் பரப்பினாள். ரொட்டிக் கடையில் சொன்னாள். மருந்துக் கடையில் சொன்னாள். எமில் சீட்டாடும் காபிக் கடைக்கே போய்ச் சொன்னாள். கடைக்காரர் எழுந்து வந்து எமிலின் கையைக் குலுக்கினார். ஒரு பாராட்டுக்கும் எமில் மறுப்பு சொல்லவில்லை. "கட்டினவளுக்காக ஒரு ராத்திரி உட்கார முடியாதா?" என்று பதிலுக்கு வசனம் வேறு பேசினார்.

கிளம்பும் நாள் மாலை வியன்னாவின் மைட்லிங் ரயில் நிலையத்துக்கு திருமதி வொந்த்ராக்கும் வழியனுப்ப வந்தாள். பொரித்த இறைச்சி வைத்த ரொட்டிப் பொட்டலம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். எமிலின் திட்டம் தெளிவானது. ஹெர்மாவைப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டு, "நான் போய் உட்கார்றேன்" என்று சோகமாக நடந்து, அடுத்த பெட்டியில் ஏறித் தனி அறைக்குள் புகுந்து தாழ் போடுவது.

ஆனால் ஹெர்மா நேராகத் தூங்கும் பெட்டி வாசலில் நின்ற நடத்துநரிடம் போனாள்.

"ஹாப்னர்" என்றாள்.

எமில் அவள் பின்னாலேயே ஓடினார்.

"ஹாப்னர் பேர்ல ரெண்டு இருக்கே அம்மா" என்றார் நடத்துநர். "ஒண்ணு பெண்கள் பெட்டியில மேல் படுக்கை. இன்னொண்ணு இங்க, தனி அறை."

ஹெர்மா கைப்பெட்டியைக் கீழே வைத்தாள். நெஞ்சில் கை வைத்தாள்.

"எமில்! முதல்ல மேல் படுக்கை எடுத்துட்டு, அப்புறம் மனசு கேக்காம எனக்குத் தனி அறையா எடுத்தே?"

"அது வந்து ஹெர்மா..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே! பாத்தீங்களா திருமதி வொந்த்ராக்? சட்டம் விடாதுன்னாரு. சட்டத்தையே எனக்காக வளைச்சிருக்காரு!"

"என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரை எனக்கு ஒரு ஜன்னல் சீட்டுகூட விட்டுக் கொடுத்ததில்ல" என்று திருமதி வொந்த்ராக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று கைதட்டினார்கள். ஹெர்மா எல்லாருக்கும் முன்னால் எமிலின் கன்னத்தில் முத்தமிட்டாள்.

டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி விழிப்பார்கள் என்று எமிலுக்குத் தெரியும். இப்போது அவரே அப்படி விழித்தார். அந்த அறை எனக்கு என்று சொல்லலாம். சொல்லிவிட்டு வியன்னாவில் குடியிருக்க முடியாது.

"அப்போ சாருக்கு எங்க?" என்றார் நடத்துநர்.

"அவர் உட்கார்ந்துட்டு வர்றார்" என்றாள் ஹெர்மா பெருமையாக.

"இருக்கை எண்?"

எமில் சட்டைப் பையைத் தடவினார். உட்காரப்போவதாகச் சொன்னாரே தவிர, உட்கார இடம் பதிவு செய்யும் எண்ணம் அவருக்கு இருந்ததே இல்லை.

"பாஸ் இருக்கு" என்றார்.

"பாஸ் இருக்கு சார். இருக்கைதான் இல்ல."

"அந்த மேல் படுக்கை சும்மாதானே கிடக்குது?" என்றார் எமில் ஈனஸ்வரத்தில்.

கைதட்டிய இரண்டு பெண்களும் கைதட்டுவதை நிறுத்தினார்கள்.

"அது பெண்கள் பெட்டி சார்" என்றார் நடத்துநர். பிறகு இரக்கப்பட்டு ஓர் இருக்கை தேடிக் கொடுத்தார். ரோமில் ஏதோ தேவாலயத்தில் பாடப்போகும் ஆண்கள் பாடகர் குழு நிரம்பியிருந்த பெட்டி அது. அதில் நடு இருக்கை.

எமிலின் காது பாதி செத்தது என்று சொன்னேன் அல்லவா? மீதிப் பாதிக்கு அந்தக் குழு வஞ்சகமில்லாமல் வேலை கொடுத்தது. வழியிலிருந்த மலையைத் தாண்டும்வரை ஒத்திகை. தாண்டிய பிறகு குறட்டை, அதுவும் நான்கு சுருதிகளில். இரண்டு பக்கத்துத் தடியர்களும் எமிலின் தோளில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டார்கள். வெனிஸ் பயணத்தில் ஹெர்மா எப்படி வந்திருப்பாள் என்று அவருக்கு முதல் தடவையாகப் புரிந்தது.

விடிந்ததும் நடக்க வராத கால்களை இழுத்துக்கொண்டு தனி அறைக் கதவைத் தட்டினார். ஹெர்மா திறந்தாள். முகம் மலர்ந்திருந்தது. வாஷ்பேசினில் தண்ணீர் மினுங்கியது. நாவல் முடிந்து கவிழ்ந்து கிடந்தது. காபிக் கோப்பை காலி.

"தூங்கினியா எமில்?"

"இல்ல" என்று உறுமினார். அந்த நேரத்திலும் அவருக்குள் இருந்த பரிசோதகர் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். "திரும்பி வரும்போது நான் இந்த அறையில வர்றேன். முறைன்னா முறை. அதுக்கு இன்னும் பதிவே பண்ணல, ரோம்ல இறங்கினதும் என் பேர்லயே பண்ணிடறேன். எமில் ஹாப்னர்னு முழுப் பேரும் சொல்லி!"

ஹெர்மா பாதி ரொட்டியில் வெண்ணெய் தடவி அவர் கையில் கொடுத்தாள்.

"நீ குளியலறையில பாடின அன்னிக்கே நான் பண்ணிட்டேன் எமில். எனக்கு இதே அறை, உனக்கு ஜன்னலோர சீட்டு."