ஜானுவின் பல்லும் ஒரு டம்ளர் விளக்கெண்ணெயும்

என் பெண் ஜானு தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள். "கடிக்கிறாள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் படுத்துக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். நறநற! நறநற! வறுகடலையை மணலோடு சேர்த்து மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம். ஏழு வயதுக் குழந்தையின் வாய்க்குள் ஒரு ரைஸ் மில் ஓடுமென்று யார் எதிர்பார்ப்பார்கள்?

தை பிறந்ததிலிருந்து இந்தக் கச்சேரி. ராத்திரி ஜானு 'பல்'லவி எடுப்பாள். பகலில் நான் பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டே கொட்டாவி விடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை எழுந்தவுடன் சபதமே செய்துவிட்டேன்.

"நாகலக்ஷ்மி! இனிமே இந்த ஆத்துல ஒரு பல் இன்னொரு பல்லைக் கடிக்கப்படாது. நிறுத்திக் காட்டறேன் பார்!"

என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"பேஷா நிறுத்துங்கோ. முதல்ல அந்தப் பிரம்பைத் தூக்கிப் பரண்ல போடுங்கோ."

"பிரம்புக்கும் பல்லுக்கும் என்னடி சம்பந்தம்?"

"தினம் குழந்தை படுக்கப்போற நேரத்துல உக்காத்தி வெச்சுண்டு பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றேள். தப்பினா தரையில பிரம்பால ஒரு போடு! அந்தப் பயத்தோடயே போய்ப் படுத்துக்கறா. பல்லைக் கடிக்காம பாட்டா பாடுவா?"

"நான் தரையைத்தானேடி அடிக்கறேன்? தரை பல்லைக் கடிச்சா நியாயம். ஜானு ஏன் கடிக்கணும்?"

அவள் அடுத்த தோசையை ஊற்றப் போய்விட்டாள். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டேன். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு சுப்பராமன் உள்ளே வந்தார். தபாலாபீசில் முப்பது வருஷம் கடுதாசி பட்டுவாடா செய்து ஓய்ந்தவர். இப்போது யோசனை பட்டுவாடா செய்கிறார். கேட்காதவர்களுக்கும் உண்டு.

"பூச்சி ஓய் ஹாலாஸ்யம், பூச்சி!" என்றார். "வயத்துல பூச்சி இருந்தா பல்லைக் கடிக்கும். ஞாயித்துக்கிழமை கார்த்தால, வெறும் வயத்துல, ஒரு டம்ளர் விளக்கெண்ணெய்! ஒரு பூச்சி மிஞ்சாது."

"ஞாயித்துக்கிழமையா?" ஜானு அலறினாள். "அன்னிக்குத் தெப்பம்ப்பா!"

வாஸ்தவம். வண்டியூர் தெப்பம்! மீனாக்ஷியும் சொக்கரும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வரும் நாள். ஜானுவுக்குப் புதுப் பாவாடை தைத்தாகிவிட்டது. எனக்கு ஒரு ஜரிகை அங்கவஸ்திரம் பெட்டியில் காத்திருந்தது. ஜட்கா வண்டிக்காரன் காளையிடமும் சொல்லியாயிற்று. ஆனால் விளக்கெண்ணெய் குடித்த குழந்தையைக் கொல்லைப்புறம் தாண்டி எங்கே அழைத்துப்போவது?

"திங்கக்கிழமை குடுத்தா என்ன?" என்றாள் நாகலக்ஷ்மி.

"பூச்சிக்குத் தெப்பம் தெரியுமா?" என்றார் சுப்பராமன்.

"பூச்சியுமில்லை, மண்ணுமில்லை! நீங்க ரெண்டு பேருமாச் சேந்து குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டறேள்" என்றாள் அவள்.

நான் தூணை ஒரு குத்துக் குத்தினேன். கை வலித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஞாயித்துக்கிழமைதான்! இந்த ஆத்துல ஆம்பிளை யாரு?"

"நீங்கதான்" என்றாள் நாகலக்ஷ்மி, ரொம்பப் பணிவாக.

அந்தப் பணிவைக் கண்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. விளக்கெண்ணெயும் வந்தது. பாகு மாதிரி, சோம்பேறித்தனமாக டம்ளருக்குள் இறங்கியது. ஜானு ஓடிப்போய்த் தூணைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாளும் தூங்கும்போது கடித்த பல்லை இப்போது விழித்துக்கொண்டே கடித்தாள். ஈர்க்குச்சி நுழைய இடமில்லை.

"நகரும் ஓய், நான் திறக்கறேன்" என்று சுப்பராமன் விரலை நீட்டினார். ஜானு வாயைத் திறந்தாள். மூடினாள். சுப்பராமன் போட்ட கூச்சல் தெப்பக்குளம் வரை கேட்டிருக்கும்.

"ஏன்னா" என்றாள் நாகலக்ஷ்மி கனிவாக. "பாவம், குழந்தை பயப்படறது. நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கோ. அப்பா குடிச்சா நீயும் குடிப்பியோல்லியோடி?"

ஜானு பல்லைத் திறக்காமலே தலையை ஆட்டினாள்.

நல்ல யோசனை! ஒரு வாய் எடுத்துக்கொண்டேன். முகம் எட்டுக் கோணலாகப் பார்த்தது. விடவில்லை. புன்னகை செய்தேன்.

"அப்பா முழுங்கலை. வாயிலயே வெச்சுண்டிருக்கா" என்றாள் ஜானு.

முழுங்கினேன்.

"ஆகா! பாயசம் தோத்தது, போ!"

"நான் பாக்கலை. இன்னொரு வாய்."

"குழந்தை ஆசையாக் கேக்கறாளே" என்றாள் நாகலக்ஷ்மி.

இன்னொரு வாய்.

"பாதி அப்பா, பாதி நான்" என்றாள் ஜானு. இப்போதுதான் வழிக்கு வருகிறாள்! எனக்கு ஒரே உற்சாகம். பாதி வரை குடித்தேன். "பாதிக்கு மேல இருக்கு" என்றாள். சரிசெய்தேன். "இப்பவும் இருக்கு" என்றாள் அவள் அம்மா, டம்ளரை எட்டிப் பார்த்து. மறுபடி சரிசெய்தேன். சரிசெய்து சரிசெய்து டம்ளரின் அடி பளபளவென்று தெரிந்தது.

ஜானு கைதட்டினாள்.

"இன்னொரு டம்ளர் ஊத்துடி!" என்று கத்தினேன்.

நாகலக்ஷ்மி சீசாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். சொட்டு விழவில்லை.

"கடைக்குத்தான் போகணும். போய்ட்டு வாங்கோ."

வாசல் பக்கம் திரும்பினேன். வயிற்றுக்குள் இடி இடித்தது. கொல்லைப் பக்கம் திரும்பினேன். அன்று முழுக்க நான் திரும்பிய திசை அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஜட்கா வந்து நின்றது. வாசலில் நடந்த பேச்சு கொல்லை வரை கேட்டது.

"அம்புட்டுப் பேரும் ஏறியாச்சா? சாமி வரலையா?" என்றான் காளை.

"சாமிக்குச் சௌகரியமில்லைப்பா. நீ ஓட்டு" என்றாள் நாகலக்ஷ்மி.

எனக்கென்று இருந்த இடத்தில், விரலில் கட்டோடு, சுப்பராமன் ஏறிக்கொண்டார். என் ஜரிகை அங்கவஸ்திரத்தையும் போட்டுக்கொண்டு போனார் என்பது பிற்பாடு தெரிந்தது.

இரண்டு மூன்று நாள் நான் நாராய்க் கிடந்தேன். வீட்டில் வாய்ப்பாட்டுச் சத்தமே இல்லை. விளக்கேற்றியதும் ஜானு அம்மா மடியில் படுத்துக்கொண்டு, தெப்பம் எவ்வளவு பெரிசு, எத்தனை விளக்கு என்று பேசிப் பேசியே தூங்கிப்போனாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். முதல் நாள் லேசாக ஒரு நற. அவ்வளவுதான். அப்புறம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சமாதானமாகப் படுத்திருந்தன.

என்னைப் பார்க்க டாக்டர் சின்னச்சாமி வந்தார்.

"விளக்கெண்ணெய் எதுக்குங்க?" என்றார். "பாப்பாவுக்குப் பூச்சி கீச்சி ஒண்ணுமில்லைன்னு சனிக்கிழமையே வீட்டம்மாகிட்டச் சொன்னேனே! பால் பல்லு விழுந்து முளைக்கிற வயசு. மனசுல ஏதோ பயமும் இருக்கு. படுக்கப்போற நேரத்துல மிரட்டாம, சந்தோசமாத் தூங்கவிடுங்க. மறுபடி கொஞ்சம் கடிச்சாலும் பதறாதீங்க. பெரும்பாலும் வளர வளரப் போயிரும். ஆமா, பாப்பா எம்புட்டுக் குடிச்சுச்சு?"

"அவ குடிக்கலை. நான்தான் குடிச்சேன்."

டாக்டர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"உங்களுக்குப் பூச்சியா?"

அவர் போனதும் நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டேன்.

"சனிக்கிழமை கோயிலுக்குன்னு சொல்லிட்டுத்தானே போனே?"

"கோயிலுக்கும் போனேன். டாக்டர் ஆம் வழியிலதானே இருக்கு?"

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயம்தான் காரணம்னு வெள்ளிக்கிழமையே சொன்னேன். தரை பல்லைக் கடிச்சா நியாயம்னேள். நாலு நாள் வாய்ப்பாட்டை எப்படி நிறுத்தறதுன்னு யோசிச்சிண்டே இருந்தேன். நீங்களே டம்ளரும் கையுமா வந்து நின்னேள்."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் உள்ளே ஜானு வாயைத் திறந்துபோட்டுக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். விழுந்த பல்லின் இடத்தில் ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பிரம்பை நானே பரணில் எறிந்தேன்.

விஷயம் இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சுப்பராமன் இருக்கிறாரே! "ஹாலாஸ்யம் மருந்து குடித்தான், குழந்தைக்குக் குணமாச்சு" என்று வடக்காவணி மூல வீதி முழுக்கப் பட்டுவாடா செய்துவிட்டார். ஜானுவும் அதையே நம்புகிறாள். அவள் அம்மா மறுக்கவில்லை.

இன்று காலை ஜானு ஒரு தும்மல் போட்டாள். கஷாயம் ஆறிக்கொண்டிருக்கிறது. நாகலக்ஷ்மி என்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.