என் பொட்காஸ்டுக்கு ஒரு நேயர்

ஆடி மாதத்தில் ஒரு நாள் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் என் மச்சினன் ஜனார்த்தனனின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுப்பதில்லை. பொட்காஸ்ட் செய்து சம்பாதிப்பது.

முடிவுக்கு வருவது எனக்குச் சுலபம். அதை மனைவியிடம் கொண்டுபோவதுதான் கஷ்டம். யசோதா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். மனம் இளகியிருக்கும் நேரம் என்று நினைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"பொட்காஸ்ட்னா என்னங்க?"

"நான் பேசுவேன். உலகம் கேட்கும்."

"எதுக்குக் கேட்கணும்?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை.

"வாழ்க்கையில ஜெயிக்கிறது எப்படின்னு சொல்லப்போறேன்."

யசோதா கத்தியை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தாள். தேடியது கிடைக்கவில்லை போலும்.

"இதுக்கு யாரு காசு தருவா?"

"விளம்பரம் வரும் யசோ. கேக்கிற ஆளுங்க கூடக் கூட கம்பனிக்காரங்க வாசல்ல வரிசையா நிப்பாங்க."

"சரி. தீபாவளி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஒரு கம்பனியாவது வரணும். வராட்டி பேசாம தம்பி கடைக்குப் போயிரணும்."

கல்யாணமான நாள் முதல் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

ஜனார்த்தனன் கெட்டவன் இல்லை. ஆனால் கடை இருக்கிற கண்டித் திருகோணமலை வீதி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அத்தான், அந்த பைப்ப கொஞ்சம் தூக்கிட்டு வாங்க" என்பான். அத்தான் என்ற மரியாதையையும் பைப்பையும் ஒரே நேரத்தில் தூக்குவது லேசான வேலையில்லை. அங்கே நான் பேசினால் யாரும் கேட்பதுமில்லை. ஆணி வாங்க வருகிறவனுக்கு ஆணி போதும்.

துணிகளுக்கு நடுவே இருந்து பேசினால் எதிரொலி வராது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில் துணி அதிகமுள்ள இடம் யசோதாவின் அலுமாரி. உள்ளே ஏறி, முழங்காலை மடித்து, கூறைச் சேலை தலையில் இடிக்க உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன். மைக்கைப் பிடித்தேன்.

"நண்பர்களே, தைரியமாக வெளியே வாருங்கள்" என்று அலுமாரிக்குள்ளிருந்து ஆரம்பித்தேன்.

வெளியே வந்தது தெருத் தெருவாகப் பாண் விற்கிற சூன் பாண் த்ரீவீல். தினமும் ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் கேட்டுக்கு நேரேதான் நின்று பணிஸ் விற்கும். அது போனதும் மறுபடி ஆரம்பித்தேன். குக்கர் விசிலடித்தது. அது அடங்கியதும், கூரையில் குரங்குகள் ஓட்டப்பந்தயம் வைத்தன. கடைசியாக யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு நஸீம் நானா.

"தம்பி, அலுமாரிக்குள்ள இருந்து ஆம்புள சத்தம் வருதுன்டு எங்கட வீட்டுல றம்லத் பயந்து போய் ஈக்கா. யாரு அது?"

"நான்தான் நானா. ரெக்கோர்டிங்."

"ஒங்கட வீட்டு அலுமாரிக்குள்ள நீங்களே ஒளிச்சா ஈக்கிறீங்க?"

"தொழில் நானா."

"நான் முப்பது வருஷமா யாவாரம் பண்றன். ஒரு நாளும் அலுமாரிக்குள்ள போகல்ல."

இப்படியாக மூச்சுத்திணறி, வியர்த்து, வாரம் இரண்டு நிகழ்ச்சி போட்டேன். ஒரு மாதம் கழிந்தது. கேட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் நான். இரண்டாமவர், சரியாக ஓடுகிறதா என்று வேறு போனில் பார்த்த நான். மூன்றாமவர்தான் 'பேராதனை நேயர்'.

அந்த நேயர் ஒரு கொமெண்ட் எழுதியிருந்தார்: "ஐயா, உங்கள் குரல் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் பேச்சில் அனுபவம் இல்லை. வெற்றியை விடுங்கள். வீட்டுத் தண்ணீர் டாங்கியை எப்படிக் கழுவுவது? நீங்களே கழுவிவிட்டு வந்து பேசினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்."

அதை இரண்டு தரம் வாசித்தேன். கம்பீரம் வருகிற இடத்தை மட்டும் பலமுறை வாசித்தேன்.

"யசோ, வாளி எங்க?"

"எதுக்குங்க?"

"டாங்கி கழுவணும்."

"மூணு வருஷமா நானும் அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"நீ சொன்னா அது நச்சரிப்பு. நேயர் சொன்னா அது மார்க்கெட்."

"ஓ, அப்படீங்களா" என்றாள். வாளியும் பிரஷ்ஷும் ஏணியடியில் ஏற்கனவே தயாராக இருந்தன. என்ன ஒத்துழைப்பு என்று நெகிழ்ந்துபோனேன்.

டாங்கிக்குள் ஒரு தவளை குடும்பத்தோடு குடியிருந்தது. குரங்கு தூக்கிக்கொண்டுபோன என் பழைய செருப்பு கிடந்தது. இத்தனை காலம் இந்தத் தண்ணீரில்தான் நான் வாய் கொப்பளித்தேன். நடந்ததை நடந்தபடியே பேசினேன். அந்த வாரம் நாற்பது பேர் கேட்டார்கள்.

பேராதனை நேயர் உற்சாகமாகிவிட்டார். அடுத்து, கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அள்ளுவது எப்படி என்றார். அள்ளினேன். பேசினேன். மின்சாரம் இல்லாத நாளில் அம்மியில் சம்பல் அரைப்பது எப்படி என்றார். மின்சாரம் இருந்த நாளிலேயே அரைத்தேன். கை வீங்கியது, கேட்கிறவர்கள் தொகையும் வீங்கியது. பிறகு வந்தது பெரிய சோதனை: "மாமியாரை வீட்டுக்கு அழைத்து வந்து, ஒரு வாரம் சிரித்த முகத்தோடு வைத்திருப்பது எப்படி?"

பஸ் ஏறி பன்விலைக்குப் போய் மாமியாரைக் கூட்டிவந்தேன். அவருக்குப் பிடித்த கதிரையைக் கொடுத்தேன். அவருக்குப் பிடித்த நாடகத்தைப் பார்த்தேன். "இளைச்சுப் போயிட்டா எம் மக" என்று என்னைப் பார்த்து அவர் சொன்னபோதும் சிரித்தேன். அதைப் பேசிப் போட்ட அன்று பின்னேரமே கொமெண்ட் வந்தது: "ஐயா, மாமியாருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது முகம் கொஞ்சம் சுளித்திருப்பீர்கள் போல் குரலில் தெரிகிறது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. உண்மையான ரசிகருக்குக் குரலே முகம்.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து கலஹா வரைக்கும் பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்பதோடு விடவில்லை. வீட்டுக்காரர்களின் காதருகே சத்தமாக வைத்தார்கள். ஒரு நாள் நஸீம் நானா மதிலுக்கு மேலால் தலையைக் காட்டினார். கையில் சோப்பு நுரை.

"தம்பி, ஒங்கட வாய கொஞ்சம் மூடுவீங்களா? நேத்து ஜன்னல் சீல துவச்சன். இன்டைக்கு கோழிக்கூடு."

"மக்களுக்குப் பயன்படுது நானா."

"எந்த மக்களுக்கு? நானும் மக்கள்தானே."

எல்லாம் சரி. ஆனால் கம்பனி வரவில்லை. பிஸ்கட்காரனுக்கு எழுதினேன். தேயிலைக்காரனுக்கு எழுதினேன். பதில் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாரந்தான் இருந்தது. யசோதா நான் கடைக்குப் போட்டுப்போகும் சேட்டை எடுத்து அயர்ன் பண்ணி மாட்டிவைத்தாள். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பைப் தூக்குவதற்குப் பயமில்லை. பேசினால் நாலு பேர் கேட்கிறார்கள் என்ற சுகம் ஒருமுறை வந்துவிட்டதே, இனி எப்படி வாயை மூடிக்கொண்டு கல்லாவில் நிற்பது?

அப்போதுதான் பேராதனை நேயர் கைகொடுத்தார்: "ஐயா, கண்டியில் ஒரு முதலாளி உங்களுக்கு விளம்பரம் தரத் தயார். மாதாமாதம் தருவார். ஒரே நிபந்தனை, அவர் சொல்லும் இடத்தில் இருந்துதான் பேச வேண்டும். சம்மதமென்றால் நேயர்கள் எல்லோருக்கும் முன்னால் வாக்குக் கொடுங்கள்."

அலுமாரியை விட மோசமான இடம் உலகத்தில் இருக்குமா? பாய்ந்து உள்ளே ஏறி, "அன்பு நேயர்களே, முதலாளி சொல்லும் இடமே என் இடம், இது சத்தியம்" என்று முழங்கினேன். மறுநாள் சந்திப்பதற்குக் கண்டி டவுனில் ஒரு தேத்தண்ணீர்க் கடையைச் சொல்லியிருந்தார்கள். அயர்ன் பண்ணி மாட்டியிருந்த சேட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மூலை மேசையில் ஜனார்த்தனன் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க அத்தான், இருங்க."

"நீ சாப்பிடு. நான் ஒரு முதலாளியப் பாக்க வந்தேன்."

"நான்தான் அத்தான் அது."

கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"நீங்க டாங்கி கழுவின நாள்ல இருந்து கடையில பிரஷ் மிஞ்சறதில்ல. பீலி பத்திப் பேசினீங்க, ஏணி முடிஞ்சிருச்சு. இப்பிடி ஒரு விளம்பரம் யாருக்கு அத்தான் கிடைக்கும்? காலையில வந்து கடையத் திறங்க, யாவாரத்தப் பாருங்க, ஆள் இல்லாத நேரம் கல்லாவுல இருந்து பேசுங்க. அக்கா எல்லாம் விவரமா சொல்லிட்டா."

"எந்த அக்கா?"

"எனக்கு ஒரே அக்காதானே அத்தான்."

வீட்டுக்கு வந்தேன். யசோதா முன் ஹோலிலே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேராதனை நேயர் நீயா?"

"தேத்தண்ணி ஊத்தவா?"

"நீ என்னிக்குப் பேராதனைக்குப் போன?"

"கட்டுகஸ்தோட்டைன்னு போட்டா கண்டுபிடிச்சிருவீங்கன்னு நினைச்சேன். தேவையில்லாமப் பயந்துட்டேன்."

"இத்தன நாளா என்னைய ஏமாத்திட்டியே யசோ."

"நானா ஏமாத்தினேன்? நீங்க பேசின ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டேன். அந்த அலுமாரிக்குள்ள நீங்க தும்முனது வரைக்கும் கேட்டேன். நான் பேசினத நீங்க ஒரு நாளாவது கடைசி வரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

அவள் சொன்னது சரி. அதுதான் வலித்தது.

"குரல் கம்பீரமா இருக்குன்னு எழுதினியே" என்றேன் மெல்ல. "அதாவது உண்மையா?"

யசோதா சிரித்தாள். "அது உண்மைதாங்க. அதுக்காகத்தானே தம்பிக்கிட்ட பேசி உங்க பொட்காஸ்ட நிக்காமப் பண்ணினேன்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. கண்டியில் முதன்முதலாகப் பொட்காஸ்டுக்கு மாதச் சம்பளம் வாங்கப்போகிற தமிழன் நானாகக்கூட இருக்கலாம்.

நாளை காலை எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும். நேயர் விருப்பம்.